எலுமிச்சைத் தோட்டத்து வழி

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய நில உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டில் உள்ள எங்கள் முப்பத்தெட்டு வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புத் தர இயலாது, வீடுகள் குறைவு, செலவு அதிகம் என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது தாங்கள் அறிந்ததே. மெயின் ரோட்டிலிருந்து மேடு வரை பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கும் வேலையை நாங்களே செய்துகொண்டால், அந்தக் குழாய்க்குள் கேபிளைச் செலுத்தி இணைப்புக் கொடுப்பதாக இப்போது ஒப்புக்கொண்டுள்ளனர். மே மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

தங்கள் எலுமிச்சைத் தோட்டத்தின் மேற்கு வேலி ஓரமாகப் பள்ளம் சென்றால் எங்களுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஒரு முழ அகலம்தான். மரங்களின் வேருக்குச் சேதம் வராது. வேலை முடிந்ததும் மண்ணை மூடிப் பழையபடி ஆக்கித் தருவோம். தங்கள் அனுமதியை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
மேட்டுக் குடியிருப்பு இணையச் சங்கம்

பி.கு: பதிலைப் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பலாம்.


பிப்ரவரி 13

செயலாளர் அம்மாவுக்கு,

உங்க கடுதாசி கிடைச்சுது. டைப் அடிச்சு, சீல் குத்தி, ரொம்ப லட்சணமா இருந்துச்சு. 'நில உரிமையாளர்'னா யாருன்னு முதல்ல எனக்குப் புரியலை. பால் வண்டிக்காரர்தான், "உங்களைத்தாங்க சொல்றாங்க"ன்னாரு. அவருக்கு ஒரே சிரிப்பு.

நான் உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ. அந்தத் தோட்டத்துல முள்ளு ஏறி நீ ஊரைக் கூட்டினப்ப ஊசியால எடுத்துவிட்டவ. அப்பா தோட்டத்தை எனக்கும் மேட்டு வீட்டை உனக்கும்னு பிரிச்சப்ப, "எனக்கு வீடு வேண்டாம், மரம்தான் வேணும்"னு மூக்கைச் சிந்தினவ நீ. இன்னிக்கு அதே மரத்துக்கு வேர் சேதம் வராதுன்னு எனக்கே உறுதிமொழி தர்றே.

நேர்ல வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ. நீ வரலை. மாசக்கணக்கா என் வாசப்படி மிதிக்கலை. கடைத்தெருவுல எதிர்ல வந்தா மூஞ்சியை மருந்துக்கடைப் பக்கம் திருப்பிக்கறே. ஆனா மேட்டுல உனக்கு என்ன மரியாதை, என்ன கைதட்டல்னு எல்லாம் என் காதுலயும் விழுது. கூட்டம் போட்டா நடு நாற்காலி உனக்காமே. சின்ன வயசுலயும் அப்படித்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "சின்னவ எங்கே?" டீ கொண்டுவந்து வைக்கறவ நான்.

தோட்டத்துல பள்ளம் தோண்ட முடியாது. வேற வழி பாருங்க.

நில உரிமையாளர்


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

நேர்ல ஏன் வரலைன்னு உனக்கு நிஜமாவே தெரியாதா?

போன வருஷம் உங்க தெருவுக்கு ஃபைபர் வந்தப்ப நீதானே கூப்பிட்டே? "இங்க வந்து உன் வீட்டுக்காரர்கிட்ட முகம் பாத்துப் பேசு. மேட்டுல சிக்னலுக்காக வானத்தைப் பாத்துட்டு நிக்காதே"ன்னு சொன்னே. நானும் நம்பி சாயங்காலம் சாயங்காலம் இறங்கி வந்தேன். உன் ஹால்ல ஓரமா உக்காந்து, தூரத்துல வேலை பாக்கற மனுஷன்கிட்ட வீடியோவுல பேசிட்டு ஏறிப் போயிடுவேன். ஒருநாள் வந்தா லைன் கிடைக்கலை. "பாஸ்வேர்டு மாத்தியாச்சு"ன்னே. புதுசு என்னன்னு கேட்டேன். "ஞாபகம் இல்ல"ன்னே. வெங்காயம் உரிச்சிட்டிருந்தே, நிமிர்ந்துகூடப் பாக்கலை. அந்தப் பக்கம் அவர் போனைக் கையில வச்சுட்டுக் காத்திருக்காரு. நான் மேடு ஏறினேன்.

அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட வர்றது? போன் பண்ணினாலும் எடுக்க மாட்டே. அதான் சீல் குத்தி அனுப்பினேன்.

உன் தோட்டம் இல்லேன்னா பாறைப் பக்கமா சுத்திப் போகணும். அத்தான் வந்து பாத்துட்டு, "நாக்கு தள்ளிடும்"ன்னாரு. குடிநீர்க் குழாய் பிட்டராவே இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்குத் தெரியாததா? ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடறாரு. அவர் வரலேன்னா எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு மம்மட்டியை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரிஞ்சிருக்காது. என்னை நம்ப வேண்டாம், அவரைக் கேட்டாவது பாரு. வேருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வாரு.

தங்கச்சி


மார்ச் 4

சின்னவளுக்கு,

அவரைக் கேட்டாவது பாருன்னு எனக்கே சொல்லித் தர்றியா? எனக்கும் அவருக்கும் நடுவுல நீ எப்ப வந்தே?

ரிட்டயர் ஆனதுல இருந்து இந்த வீட்டுல அவர் என்ன பண்ணினாருன்னு சொல்றேன், கேளு. சோபாவுல அந்தக் கோடியில அவர், இந்தக் கோடியில நான். ஆளுக்கொரு போன். பசங்க ரெண்டு பேரும் வேலைக்குன்னு போனப்புறம் வீட்டுல சத்தம்னா பிரிட்ஜ் சத்தம்தான். லைன் என்னமோ பறக்குது, பேச்சுதான் வரமாட்டேங்குது. குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஊருக்கெல்லாம் தண்ணி கொடுத்த மனுஷன், "பாக்கலாம்"பாரு. இன்னும் பாத்துட்டே இருக்காரு.

இப்ப? ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள எழுந்து முகச்சவரம். பள்ளம் தோண்டப் போறவருக்கு எதுக்குச் சவரம்? மண்ணு மூஞ்சியைப் பாக்குமா? புதுத் தொப்பி வேற வாங்கியிருக்காரு. திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு, வாயில பாட்டு. "சாப்பிட்டீங்களா?"ன்னா, "அங்கேயே எல்லாரும் சேர்ந்து"ங்கறாரு. "என்ன பேசினீங்க?"ன்னா, "பேச என்ன இருக்கு, வேலைதான்"ங்கறாரு. பேச ஒண்ணும் இல்லாத இடத்துல இருந்து இப்படி முகம் மலர்ந்து யாராவது வருவாங்களா?

போன வாரம் துவைக்கறதுக்கு அவர் சட்டையை எடுத்தேன். வெள்ளைச் சட்டை. ரெண்டாவது பட்டனை யாரோ நீல நூலால தெச்சிருக்காங்க. நெருக்கி, குறுக்கால போட்டு, அடியில முடிச்சு. அந்தத் தையலை எனக்குத் தெரியாதா? நான்தானே உனக்குக் கத்துக்கொடுத்தேன்!

உன் புருஷன் தூரத்துல இருக்காருன்னா, அதுக்கு என் புருஷன்தான் கிடைச்சாரா?

பாஸ்வேர்டு விஷயம் எழுதியிருந்தே. ஆமா, மாத்தினேன். என் ஹால்ல உக்காந்து நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு மணி நேரத்துல பேசற பேச்சு, நானும் இவரும் ஒரு வருஷத்துல பேசினது கிடையாது. அடுப்படியில நின்னு அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டே வெங்காயம் உரிச்சுப் பாரு. அப்பத் தெரியும்.

தோட்டம் கிடையாது. கிடையவே கிடையாது.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

உன் கடுதாசியை ரெண்டாக் கிழிச்சேன். அப்புறம் ஒட்டவச்சு இன்னொரு தடவை படிச்சேன். அப்பவும் அதேதான் எழுதியிருந்தது.

பட்டனைத் தெச்சது நான்தான். அன்னிக்கு அத்தான் பட்டனை மட்டும் தெக்கலை. வாத்தியார் சட்டைக் கை, தச்சரோட கித்தான் பை, எல்லாம் தெச்சேன். கையில இருந்தது நீல நூல். "இப்படியே போனா உங்க அக்கா திட்டுவா, ஒரு தையல் போட்டுக் கொடு"ன்னு கேட்டது அவர். வெள்ளை நூல் இருந்திருந்தா இந்தக் கடுதாசியே வந்திருக்காது, இல்ல?

இந்தப் பள்ளத்துக்கு நான் எதுக்கு உசுரை விடறேன்னு உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சொன்னா நடக்காமப் போயிடுமோன்னு பயம். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல, வரைபடம் போடறவங்க சிலரை வீட்டுல இருந்தே வேலை செய்ய விடறாங்க. இவரும் கேட்டாரு. "உங்க ஊர்ல லைன் எப்படி?"ன்னாங்க. எங்க வீட்டுப் பழைய லைன்ல ஒரு வரைபடம் போய்ச் சேர அரை நாள் ஆகும், அதுவும் மழை பெய்யாம இருந்தா. ஜூன்ல அவரோட ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள நல்ல லைன் வந்தா ஊருக்கு வந்துடலாம். இல்லேன்னா இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும்.

நீ பொறாமைப்படறே. எனக்கு மட்டும் இல்லையா? உன் வாசல்ல செருப்பைக் கழட்டிப் போடற சத்தம் கேக்குது. குழாய் ஒழுகுதுன்னு திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கு. எனக்கு இருக்கறது, வாயைப் பாதி திறந்தபடி உறைஞ்சு நிக்கற ஒரு மூஞ்சி. அவர் என்ன சொல்ல வந்தாருன்னு அந்த வாயையே பாத்துட்டிருப்பேன். கட் ஆயிடும். சோபாவுல அந்தக் கோடியில ஒருத்தர் பேசாம உக்காந்திருக்காருன்னு குறையா எழுதியிருக்கே. அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது, அக்கா.

தோட்டத்தை இனிமே கேக்க மாட்டோம். பாறைப் பக்கம் ஆரம்பிச்சாச்சு.

தங்கச்சி


ஏப்ரல் 2

அவரைக் கீழே அனுப்பு.

நேத்து வாய்ச்சண்டை முத்திடுச்சு. "பிரஷர் மாத்திரை சாப்பிடற ஆளு போய்ப் பாறை உடைக்கறீங்களே, யாருக்காக?"ன்னு கேட்டேன். "நீ தோட்டத்து வழியை விட்டிருந்தா நான் எதுக்குப் பாறைக்குப் போறேன்?"ன்னாரு. நான் உன் பேரை இழுத்தேன். என்ன சொன்னேன்னு எழுத மாட்டேன். அவர் ரெண்டு சட்டையையும் மாத்திரை டப்பாவையும் பையில போட்டுட்டுக் கிளம்பிட்டாரு. கல்யாணம் ஆனதுல இருந்து அவர் தானா ஒரு பையை அடுக்கினதைப் பாத்ததில்லை.

உன் வீட்டுலதான் இருப்பாரு. நல்லா இருங்க.

மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, வெள்ளை பின்னாடி. சொல்லலேன்னா மாத்திப் போட்டுக்குவாரு.


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

அத்தான் என் வீட்டுல இல்ல. உன் கடுதாசி வந்தப்புறம்தான் எனக்கு விஷயமே தெரியும். ஓடிப்போய்த் தேடினேன். சாமான் கொட்டகையில, குழாய்ச் சுருளுக்கும் மம்மட்டிகளுக்கும் நடுவுல சாக்கை விரிச்சுப் படுத்திருக்காரு.

"வீட்டுக்கு வாங்க அத்தான், கட்டில் போட்டுத் தர்றேன்"ன்னேன்.

"உன் வீட்டுக்கு வந்தேன்னா உங்க அக்கா சொன்னது நிஜமாயிடும்"ன்னாரு.

"அப்ப உங்க வீட்டுக்குப் போங்க."

"அங்க எனக்கு என்னம்மா வேலை?"ன்னாரு.

கோவத்துல சொல்லலை. விடை தெரியாத பையன் மாதிரி சொன்னாரு. எனக்கு அதுதான் என்னமோ பண்ணிடுச்சு.

மஞ்சள் மாத்திரையைச் சொல்லிட்டேன். மாத்தித்தான் போட்டுட்டிருந்திருக்காரு.

நீ ஒரு தடவை மேலே வாயேன். சமாதானம் பேச வேண்டாம். சண்டை போடவாவது வா.

தங்கச்சி


ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

நான் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை பால் வண்டியில, கேன்களுக்கு நடுவுல உக்காந்து, தலையில துண்டைப் போட்டுட்டு வந்தேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பால் வண்டிக்காரர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் சொல்லியிருந்தா இப்பவே எழுது, பாலை நிறுத்திடறேன்.

உடைச்சுக் குவிச்ச கல்லுக்குப் பின்னாடி நின்னு மத்தியானம் வரைக்கும் பாத்தேன். உன்னையும் அவரையும் பிடிக்கணும்னுதான் வந்தேன், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. நீ அந்தக் கோடியில கல்லு பொறுக்கிட்டிருந்தே. கையில கட்டு. அவர் இந்தக் கோடியில பள்ளத்துக்குள்ள. ஒரு தடவைகூட நீ அவர் பக்கம் வரலை. அவரும் உன் பக்கம் திரும்பலை. ஆளாளுக்கு, "பிட்டரய்யா, இதைப் பாருங்க", "பிட்டரய்யா, இது போதுமா"ன்னு கூப்பிடறாங்க. அவர் மண்டி போட்டு, பள்ளத்து அடியை உள்ளங்கையால தடவிப் பாத்து, ஏதோ சொல்றாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. அவருக்குத் தமாஷ் பேச வரும்ங்கறதையே நான் மறந்துட்டிருந்தேன்.

தப்புன்னு ஒண்ணு கண்ணுல பட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நடு ரோட்டுல நின்னு கத்தி, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். ஒண்ணும் இல்ல. அவர் சந்தோஷமா இருந்தாரு, அவ்வளவுதான். அதுக்கு யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது?

கல்லுக்குப் பின்னாடி நிக்கும்போதுதான் இன்னொண்ணு ஞாபகம் வந்தது. குளியலறைக் குழாயைச் சரிபண்ண அவர் ஸ்பானரோட வந்த அன்னிக்கு, "இப்பதான் தரையைத் துடைச்சேன், இப்ப வேண்டாம் போங்க"ன்னு விரட்டினது நான்தான். கூடத்துல ஆணி அடிக்க வந்தா, "சுவரைக் கெடுத்துடாதீங்க, ஆளைக் கூப்பிட்டுக்கலாம்." முந்தின கடுதாசியில அதையெல்லாம் நான் எழுதலை.

உங்க பாறையில அஞ்சு வாரத்துல பத்து வீட்டுத் தூரம்கூட நகர்ந்திருக்க மாட்டீங்க. இப்படியே போனா மே மாசம் என்ன, அடுத்த மே மாசத்துக்கும் முடியாது. தோட்டத்து வழியை எடுத்துக்கோங்க. ஆனா ஒரு நிபந்தனை. என் வேலிக்குள்ள உங்க ஆளுங்க யாரும் மம்மட்டியோட வரக் கூடாது. முக்கியமா நீ வரக் கூடாது. அங்க தோண்டப் போறது நானும் அவரும்தான்.

அவர்கிட்ட இதைச் சொல்லு. வீட்டுக்கு வாங்கன்னு சொல்லாதே. தோட்டத்துல வேலை இருக்குன்னு சொல்லு.

அக்கா


மே 13

அக்காவுக்கு,

தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பாக்கறேன், ஆனா நேர்ல சொல்ல வாய் வரலை. அதான் எழுதறேன்.

ரெண்டே பேரா எப்படி முடிப்பாங்கன்னு சங்கத்துல எல்லாருக்கும் பயம். எனக்கும்தான். முதல் நாள் பூரா நீங்க தோண்டினதைவிடச் சண்டை போட்டதுதான் ஜாஸ்தி. "கோடு வளையுது பாரு"ன்னு அவர். "உங்க கண்ணுதான் வளையுது"ன்னு நீ. "வேர் பத்திரம்"னு அவர் சொன்னா, "யார் மரம்னு எனக்குத் தெரியாதா?"ன்னு நீ. வேலிக்கு இந்தப் பக்கம் எங்க ஆளுங்க வேலையை விட்டுட்டு உங்களைக் கேட்டுட்டு நின்னாங்க.

அப்புறம் ஒருநாள் அத்தான் பள்ளத்துக்குள்ள இருந்து ஏதோ சொன்னாரு. நீ மம்மட்டியைப் போட்டுட்டு வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சே. ரொம்ப நேரம் சிரிச்சே. என்ன சொன்னாருன்னு வேலி மேல எட்டிக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டீங்க. அப்புறம் ஒரே பாட்டில்ல மாத்தி மாத்தித் தண்ணி குடிச்சீங்க. அன்னிக்கு எனக்கு வந்த பொறாமையை என்னன்னு சொல்றது! வீட்டுக்கு வந்த உடனே என் வீட்டுக்காரரைப் போன்ல கூப்பிட்டேன். பாதி வாயோட உறைஞ்சு நின்னாரு. போனைத் தூக்கி மெத்தையில வீசினேன்.

உன் கடுதாசி எல்லாம் எதுக்கு அவ்வளவு சூடா இருந்துச்சுன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

சரி, நல்ல சேதி. நேத்து நிறுவனத்து ஆளுங்க வந்து குழாய்க்குள்ள காத்தடிச்சுக் கேபிளை அனுப்பிப் பாத்தாங்க. எங்கேயும் சிக்காம மேடு வரைக்கும் வந்துடுச்சு. உங்க தோட்டத்துல மட்டும் ஒரு இடத்துல லேசா கோணலாம். நீ தோண்டின இடமாத்தான் இருக்கும்.

தங்கச்சி


ஜூன் 5

அக்காவுக்கு,

லைன் வந்தாச்சு, இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் எனக்கு உன்கிட்ட எழுதித்தான் பழக்கமாயிடுச்சு. பால் வண்டிக்காரர், "இன்னுமா?"ங்கறாரு.

அவர் முகம் நேத்துதான் முழுசாத் தெரிஞ்சுது. உறையலை, உடையலை. காதோரம் எல்லாம் நரைச்சுப் போச்சு, அக்கா. இத்தனை நாளா அந்த மங்கல்ல நான் அதைப் பாக்கவே இல்ல. அவருக்குப் பின்னாடி ஜன்னல்ல ஒரு பூந்தொட்டி, பச்சைப்பசேல்னு. நம்ம வீட்டுல ஒரு செடிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தாத மனுஷன். "யார் தண்ணி ஊத்தறா?"ன்னேன். "நான்தான்"ன்னாரு. எனக்கு அந்தத் தொட்டி மேல வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம்! இத்தனை வருஷம் அவர் முழிக்கறதையும் தூங்கறதையும் அதுதானே பாத்துட்டிருந்திருக்கு. நான் அழுதேன். பூந்தொட்டிக்காக அழறேன்னு அவர்கிட்ட சொல்ல முடியலை. லைன் நல்லா இருக்கேன்னு அழறேன்னு சொல்லிட்டேன்.

ஆபீஸ்ல ஆறு மாசத்துக்குப் பரீட்சை மாதிரி விட்டுப் பாக்கறாங்களாம். இருபத்தினாலாம் தேதி வர்றாரு. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தியா இருக்கு. ஒரு ஆளு வீட்டுல இருந்தா அவர்கிட்ட என்ன பேசணும்னு எனக்கு மறந்து போயிருக்குமோ?

உனக்குப் பொறாமையெல்லாம் போயிடுச்சா?

தங்கச்சி


ஜூன் 14

சின்னவளுக்கு,

உன் வீட்டுக்காரர் வர்ற அன்னிக்கு நாங்க வரலை. மறுநாள் வர்றோம். முதல் நாள் என்ன பேசறதுன்னு பயப்படாதே. பேச ஒண்ணும் கிடைக்கலேன்னா ஒரு வேலையைக் கொடு. அவர் செய்யும்போது பக்கத்துல நின்னு குறை சொல்லாதே. முடியாது, தெரியும். கொஞ்சமாவது குறைச்சுக்கோ.

பொறாமை போயிடுச்சான்னு கேட்டிருந்தே. அதுக்குப் பதில் இந்தச் சேதி.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற குடியிருப்புலயும் சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க. நீங்க செஞ்சதைப் பாத்து அவங்களும் பள்ளம் தோண்டப் போறாங்களாம். அதுக்குத் தலைவி ஒரு பேக்கரிக்காரி. தனி ஆளு. பேசினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்திருந்தா. "பிட்டரய்யா வராம எங்களால ஆகவே ஆகாது"ன்னு நாலு தடவை சொன்னா. சுடச்சுட பன் கொண்டு வந்திருந்தா. அவர் ரெண்டு சாப்பிட்டாரு. நல்லா இருக்குன்னு வேற சொன்னாரு. அவ படி இறங்கிப் போறதுக்குள்ள எனக்குப் பழையபடி உள்ளே பத்திக்கிச்சு. போதுமா?

மறுநாள் காலையில டீ குடிக்கும்போது அவர், "போகட்டுமா?"ன்னாரு. எங்கே போறதுக்கும் என்னைக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். வேண்டாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு.

"போங்க. நானும் வர்றேன்"ன்னேன்.

"வெயில் தாங்குவியா?"

"உங்களுக்கு மட்டும் அங்க குளிருமா?"

பன்னு விஷயம் அவருக்குப் புரிஞ்சுதா புரியலையான்னு தெரியலை, முகத்துல ஒண்ணும் காட்டலை. டீயைக் குடிச்சு முடிச்சு, டம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்து சொன்னாரு:

"அப்ப நல்ல கையுறையா ஒண்ணு வாங்கிக்கலாம். அந்தப் பக்கம் மண்ணு கெட்டி."

இன்னிக்குச் சாயங்காலம் கடைக்குப் போறோம்.

அக்கா